பிழையின் தரமும் பொதியின் எண்ணும்

நம் கல்லூரி ஆண்டுமலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனுமொன்று வரைந்து தருக என்று ஆசிரியர் பணித்தபோது, யாம் சில நாள் வாளா இருந்தோம். நட்பின் மேன்மை, காலத்தின் அருமை முதலிய பொருள்களில் எழுதுவார் பலர் உளர். யாம் அவற்றில் வல்லேம் அல்லேம். எமக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, யாம் பிறந்து வளர்ந்த தாயில்பட்டி. மற்றொன்று, டெபியன் என்னும் லினக்ஸ் தொகுதியில் பிழைகளைத் தரம் பிரிக்கும் முறையும், பொதிகளுக்கு எண்ணிடும் முறையும். இவ்விரண்டிற்கும் யாது தொடர்பு என்று வினவும் நண்பர்கள் சற்றே பொறுப்பாராக. தொடர்பு உண்டு, அஃது எமக்குத் தலைகுனிவைத் தந்த தொடர்பு.

தாயில்பட்டி விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்தைச் சார்ந்த ஊர். கரிசல் மண், சீமைக் கருவேலம் மண்டிய வெளி, அவ்வெளியின் நடுவே ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் வெள்ளையடித்த சிற்றறைகள். அறைகள் அங்ஙனம் தள்ளித் தள்ளி நிற்பதற்குக் காரணம், ஓர் அறையின் தீ மற்றோர் அறையை அணுகாதிருத்தலே. பட்டாசு ஆலைகளின் கதை அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடநூலிற் படித்தறிய வேண்டுவதன்று. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேல் மாண்டனர். அற்றை நாள் பள்ளியில் ஆசிரியர் தினம். மாலையில் எவரும் எவரோடும் பேசாமல் வீடு திரும்பியது இன்னும் எம் நெஞ்சில் நிற்கின்றது. விபத்து நேருந்தோறும் செய்தித்தாள்கள் 'உராய்வு காரணமாக' என்று ஒரே சொற்றொடரை எழுதும். அவ்வுராய்வுக்கு முன்னே எத்தனைச் சிறு பிழைகள் எவராலும் குறிக்கப்படாமற் கிடந்தன என்பதைச் செய்தித்தாள் எழுதுவதில்லை.

எம் சித்தப்பா அவ்வட்டத்து ஆலையொன்றில் போர்மேன். அவர் தம் கண்ணாற் பிழைகளைத் தரம் பிரிக்கும் திறத்தை யாம் சிறு வயதிலேயே கண்டுள்ளோம். அறையில் விரித்த விரிப்புக் கிழிந்திருப்பின், "நாளைக்கு மாத்திக்கலாம்" என்பார். அதே அறையில் தரையில் மணல் நறநறவென்றால், வேலையை அப்பொழுதே நிறுத்திவிட்டு அனைவரையும் வெளியே அனுப்புவார். கிழிந்த விரிப்பு கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றும்; மணல் தோன்றாது. தோற்றத்தின் பெருமை வேறு, விளைவின் பெருமை வேறு என்பதற்கு அவர் விளக்கம் ஏதும் உரைத்ததில்லை.

இனி டெபியனுக்கு வருவோம். 1993 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இயன் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கியது இது. பின்னாளில் தம் மனைவியாரான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து டெபியன் என்று அழைத்தார். உலகெங்கும் பரந்துள்ள தன்னார்வலர் இதனைக் கட்டிக் காக்கின்றனர். 2025 ஆகஸ்டு 9 இல் வெளிவந்த 13 ஆம் பதிப்பில் 69,000 க்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. பொதியென்பது யாதெனின், ஒரு மென்பொருளும், அதனை நிறுவுதற்கு வேண்டிய குறிப்புக்களும், அது சார்ந்து நிற்கும் பிற பொதிகளின் பட்டியும் ஒருங்கே கட்டிய மூட்டை. நம் நாட்டார்க்கு இது புதிதன்று. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டே 'பாஸ்' என்னும் தொகுதியை இயற்றினர். தமிழக அரசினர் 2011 ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எமக்குக் கிடைத்த கருவியிலும் விண்டோஸோடு பாஸும் உடனுறைந்தது. பள்ளியில் யாரும் அப்பக்கம் செல்லவில்லை. யாம் சென்றோம், சென்று, பின்னர் அதனை நீக்கி டெபியனையே நேரே நிறுவிக்கொண்டோம். அந்நாளில் எம் தெருவில் எமக்கு 'கம்ப்யூட்டர்க்காரன்' என்று பெயர். அப்பெயர் எம் தலைக்கு ஏறியிருந்தது என்பதையும் ஈண்டே சொல்லிவிடுவது நன்று.

டெபியனிற் பிழை கண்டோர் அதனை மின்னஞ்சல் வாயிலாகப் பிழைப்பதிவேட்டிற்கு எழுதலாம். எழுதுவோர் பொதியின் பெயரையும் அதன் பதிப்பெண்ணையும் குறித்தல் வேண்டும்; பிழையின் கடுமையைத் தரம் சொல்லவும் செய்யலாம். தரங்கள் ஏழு. எல்லாவற்றிலும் கொடியது 'கிரிட்டிக்கல்': தன்னொடு தொடர்பில்லாத பிற மென்பொருளையோ கருவி முழுவதையுமோ கெடுப்பது, பெருந்தரவிழப்பை விளைப்பது, நிறுவிய கருவியின் காப்பையே உடைப்பது. அடுத்தது 'கிரேவ்': அப்பொதியே பயன்படாதொழிதல், அல்லது தரவிழத்தல், அல்லது அதனைப் பயன்படுத்துவோரின் கணக்கினுள் அயலார் நுழைய வழிதிறத்தல். மூன்றாவது 'சீரியஸ்'; அமைப்பின் கட்டாய விதியை மீறியதும், வெளியீட்டிற்குத் தகாததென்று பொறுப்பாளர் கருதுவதும் அது. இம்மூன்றும் தீராதவரை அப்பொதி அடுத்த நிலையான பதிப்பில் இடம்பெறுதல் அரிது. நான்காவதாகிய 'இம்பார்ட்டண்ட்' பொதியின் பயனைப் பெரிதும் குறைப்பது. ஆயினும் யாவர்க்கும் முற்றும் பயனற்றதாக்காதது. அதன்பின் 'நார்மல்', 'மைனர்' என்பன. கடைசியில் நிற்பது 'விஷ்லிஸ்ட்'. அது பிழையன்று, வேண்டுகோள்; திருத்துதற்கு மிக அரிய பிழைகளையும் சில வேளை அங்கே அனுப்பிவிடுவர் என்பது வேறு செய்தி.

பதிப்பெண்ணின் இலக்கணம் இதனினும் சுவையுடையது. ஓர் எண்ணில் மூன்று உறுப்புக்கள் இருக்கலாம். நடுவில் நிற்பது மூல ஆசிரியர் இட்ட எண். அதன்பின் சிறு கோடிட்டு வருவது, டெபியனார் அம்மூலத்தை எத்தனையாவது முறை கட்டினர் என்று காட்டுவது. முன்னே முக்காற்புள்ளியிட்டு வரும் எண் ஒன்று உண்டு. அதனை 'ஈபக்' என்பர், ஊழியெண் என்று கொள்ளலாம். ஊழியெண் பெரிதாயின் பின்வருவன எவையாயினும் அதுவே பெரிது. மூலாசிரியர் ஒருநாள் தம் எண்முறையையே மாற்றி, 2018 என்றிருந்ததை 1.0 என்று தொடங்கினால், அதனைச் சமாளித்தற்கு இவ்வுறுப்பு. ஒருமுறை இட்டால் பின்னர் நீக்கவொண்ணாது. ஆதலின் மூத்தோர் இதனை மருந்து போல் அளந்தே பயன்படுத்துவர்.

எண்களை ஒப்பிடும்போது 1.10 என்பது 1.9 ஐவிடப் பெரிது. ஏனெனின் புள்ளிக்குப் பின் வருவது பதின்மப் பின்னமன்று, தனியெண். அலைக்குறி ஒன்று உண்டு. அதனைப் பெற்ற எண், பெறாத எண்ணுக்கு முன்னதாகக் கொள்ளப்படும், 1.0~ என்று தொடங்குவன யாவும் 1.0 க்கு முந்தியன. ஒன்றுமில்லாமையினும் சிறியது ஒரு குறி என்பது மாணவர் பலர்க்கு விளங்குவதில்லை. தமிழகராதி புரட்டியவர்க்கு இதில் வியப்பில்லை. 'அக்கம்' என்பது 'அகம்' என்பதற்கு முன் நிற்பதன்றோ? புள்ளி பெற்ற எழுத்து பெறாததற்கு முன் வரும் முறை நமக்குப் பழகியதே.

இனி எம் கதை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புக்களைச் சேர்த்தலை விலக்கியது. அவ்வாண்டு தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. எம் தெருவில் அடுப்புப் புகை குறைந்த மாதங்கள் அவை. 2019 இல் ஆலைகள் மீண்டும் திறந்தபோது, சித்தப்பா பணிசெய்த ஆலையிலும் மருந்துச் சரக்கறைகளை மாற்றியடுக்கினர். அறைவாயில்களுக்குப் புதிய அறிவிப்புத் தாள்கள் வேண்டியிருந்தன. வண்ணம் பூசி எழுதும் ஆள் வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றனர். "நம்ம தம்பிகிட்டக் குடுத்தா அச்சடிச்சுருவான்" என்று சித்தப்பா ஒரு தாளில் வாசகங்களை எழுதி எம் கையிற் கொடுத்தார். கோடை விடுமுறை, யாம் பெருமையோடு ஏற்றோம்.

அவர் எழுதியிருந்த வாசகம் ஒன்று, 'இவ்வறையில் கலந்த மருந்து வைக்கக்கூடாது' என்பது. வெடியுப்பும் சல்பரும் அலுமினியப் பொடியும் தனித்தனியே இருக்கும்வரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். கலந்தபின் அவற்றை மிகுதியாகச் சேர்த்துவைத்தலும், அன்றன்று எஞ்சியதை இராத்தங்க விடுதலும் கேட்டிற்கு வாயில். சரக்கறையில் கலந்த மருந்தை வைப்பின் ஒரு சட்டி மருந்து ஓர் அறை மருந்தாகிவிடும். சித்தப்பாவின் வாசகத்தில் குற்றம் யாதுமில்லை. யாமோ கல்லூரியில் தமிழ் பயிலும் செருக்கில், 'வைக்கக்கூடாது' என்பதினும் 'வைக்கலாகாது' என்பது நயமுடைத்து என்று கருதி மாற்றிவிட்டோம். அவரிடம் கேட்கவுமில்லை.

அச்சு ஆலையின் அலுவலறையிலிருந்த பழைய அச்சுப்பொறியில் நடந்தது. பெரிய எழுத்தில் பன்னிரண்டு தாள்கள். திரையில் எல்லாம் செவ்வனே தோன்றின. முதல் நான்கைந்து தாள்களைப் பார்த்தோம்; நன்று. எஞ்சியவற்றைப் பார்க்கவில்லை. அவற்றுள் ஒன்றில் வரி தாளின் ஓரத்தை எட்டியபோது, கடைசி ஈரெழுத்துக்கள் விழாமற் போயின. 'கலந்த மருந்து வைக்கலா' என்று தாள் நின்றது.

தமிழில் மறுப்புச் சொல்லின் கடைசியில் இருக்கின்றது என்பதை இலக்கண வகுப்பிற் படித்திருந்தோம். அது தாளின் ஓரத்தில் இருக்கின்றது என்பதை நினைத்திலோம். 'வைக்கலா' என்பதைக் கண்டவர், மகரம் ஒன்று விட்டுப்போயிற்று என்றே எண்ணுவர். சித்தப்பாவின் சொல்லை விட்டிருந்து, அதிலும் ஈரெழுத்து உதிர்ந்திருப்பின், 'வைக்கக்கூ' என்று நின்றிருக்கும். பொருள் விளங்காது, விளங்காமையே அங்குக் காப்பு.

மறுநாள் மாலை வேலை முடியும் வேளை. மருந்து செலுத்தும் அறையிலிருந்து எஞ்சிய மருந்துச் சட்டியோடு ஒரு பெண்மணி அவ்வாயிலில் வந்து நின்றார். முதியவர் அல்லர், எழுத்தறிந்தவர். உள்ளே செல்லாமல் நின்று, அப்பால் சென்ற சித்தப்பாவை அழைத்தார்.

"அண்ணாச்சி, இங்க வைக்கக்கூடாதுன்னுதான சொல்லுவீக? தாளுல வைக்கலாம்னு போட்டிருக்கே. வச்சிரவா?"

சித்தப்பா ஓடவில்லை. அங்கே ஓடக்கூடாது என்பது விதி. "அப்படியே நில்லு தாயி" என்று கூறி, மெல்ல நடந்து சென்று, சட்டியைத் தாம் வாங்கிக்கொண்டார். பின்னர் தாளைக் கிழித்தார். இரவு வீட்டிற்கு வந்து எம்மிடம் சொன்னது இவ்வளவே: "தம்பி, அந்தப் பிள்ளை கேக்காம இருந்திருந்தா?" அதற்குமேல் அவர் உண்ணவுமில்லை, பேசவுமில்லை.

அச்சமும் நாணமும் சினமாய் மாறுதல் மனித இயல்பு போலும். அன்றிரவே கைப்பேசியிலிருந்து டெபியன் பிழைப்பதிவேட்டிற்கு எழுதினோம். வரிகளைத் தாளுக்கேற்ப அடுக்கித் தரும் பொதியொன்று தமிழெழுத்தின் கடைசியை விழுங்குகின்றது என்றும், உயிருக்கே ஊறு நேரவிருந்தது என்றும், தரம் 'கிரிட்டிக்கல்' என்றும் எழுதினோம். பதிப்பெண் கேட்கும் இடத்தில், இணையத்திற் கண்ட நிலையான பதிப்பின் எண்ணை இட்டோம். எம் கருவியில் உள்ள எண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு நாளில் மறுமொழி வந்தது. பொதியின் பொறுப்பாளர், எந்நாட்டவரோ அறியோம், தரத்தை 'நார்மல்' என்று இறக்கியிருந்தார். எமக்குக் கொதித்தது. மீண்டும் 'கிரிட்டிக்கல்' ஆக்கினோம். மூத்தோர் இதனைச் செய்யலாகாதென்பர். கடுமையை ஏற்றியும் இறக்கியும் விளையாடுதல் பதிவேட்டில் நன்னடையன்று. அவர் பொறுமையிழக்காமல் இரண்டாம் முறை எழுதினார். நடந்தது கேட்டு வருந்துவதாகவும், ஒருவர்க்கும் தீங்கு நேராமைக்கு மகிழ்வதாகவும், ஆயினும் தரமென்பது அப்பொதி தன்னைப் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் செய்யும் கேட்டின் அளவேயன்றி, ஒருவர் இடர்ப்பட்ட அளவன்று என்றும் விளக்கினார். 'இம்பார்ட்டண்ட்' என்று ஒரு படி உயர்த்தியும் வைத்தார். இறுதியில் ஒரு வரி: நீவிர் குறித்த பதிப்பில் இப்பிழையை எம்மால் உண்டாக்க இயலவில்லை, இது சென்ற திருத்தத்திலேயே தீர்ந்தது, நும் கருவியில் உள்ள எண்ணைக் கட்டளையிட்டுப் பார்த்து அப்படியே அனுப்புக.

பார்த்தோம். எண்ணின் முன்னே ஓர் ஒன்றும் முக்காற்புள்ளியும் நின்றன.

அவற்றை இட்டவர் யாமே. ஈராண்டுக்கு முன், தமிழெழுத்து இன்னும் அழகாய் விழவேண்டுமென்று, முற்றுப்பெறாத மூலத்தை எங்கிருந்தோ இறக்கி, எம் கையாற் பொதி கட்டியிருந்தோம். டெபியனார் தரும் பொதி அதன்மேல் வந்து படியாதிருத்தற்பொருட்டு, ஊழியெண் ஒன்றைச் சூட்டினோம். அதன்பின் அதனை மறந்தோம். ஈராண்டாக எத்தனை திருத்தங்கள் வந்திருக்கும்! ஒவ்வொன்றும் எம் கருவியின் வாயிலில் வந்து, உள்ளே தன்னினும் பெரிய எண் இருக்கக் கண்டு, மீண்டு சென்றிருக்கின்றது. கருவி எம்மிடம் ஒருமுறையும் முறையிடவில்லை. முறையிடக் காரணமுமில்லை; விதிப்படி எம்முடையதே பெரியது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எண் முன்னோக்கியே செல்லும், பின்னோக்கிச் செல்லாது என்னும் இவ்விதி டெபியனாரையும் ஒருகால் வருத்தியதுண்டு. 2024 மார்ச்சு 29 ஆம் நாள், ஆந்திரேஸ் பிராயிண்ட் என்பார், எக்ஸ்இசட் என்னும் சுருக்கற்பொதியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில் எவரோ கள்ளவாயில் அமைத்திருப்பதை உலகிற்கு அறிவித்தார். நிலையான பதிப்பில் அது புகுந்திலது. சோதனைக் கிளைகளில் புகுந்துவிட்டது. உடனே பழைய 5.4.5 க்கு மீளவேண்டும், ஆனால் 5.4.5 சிறிய எண், எக்கருவியும் ஏற்காது. ஊழியெண் இட்டால் அது என்றும் நீங்காது. ஆதலின் '5.6.1+ரியலி5.4.5-1' என்று எண்ணிட்டனர். 5.6.1 போலக் காட்டி, மெய்யாக 5.4.5 என்று ஒப்புக்கொள்ளும் எண் அது. பொய்யும் மெய்யும் ஒரே வரியில் வெளிப்படையாக நிற்பதால், நாணத்திற்கு இடமில்லாத எண் என்று எமக்குப் படும்.

அக்கள்ளவாயில் வெளிப்பட்ட வகையும் எம் சித்தப்பாவின் மணலை நினைப்பிக்கும். பிராயிண்ட் முதலிற் கண்டது, தொலைவிலுள்ள கருவியினுள் நுழையும்போது ஏற்பட்ட அரைநொடித் தாமதமே. அத்தாமதத்தை மட்டும் எழுதியிருப்பின், எவரும் 'மைனர்' என்றே தரமிட்டிருப்பர்; யாமும் அங்ஙனமே. இதற்கு மாறாக, டெபியனார் 2006 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததென்று இரு வரிகளை நீக்கினர். தாமதமில்லை, தடுமாற்றமில்லை; யாவும் நன்றாகவே இயங்கின. 2008 மே 13 அன்றுதான், லூசியானோ பெல்லோ கண்டுகூற, அவ்விடைக்காலத்தில் ஆக்கிய மறைதிறவுகோல்கள் ஒவ்வொரு வகையிலும் 32,768 க்குள் அடங்குவன, எளிதில் ஊகிக்கத்தக்கன என்பது வெளிப்பட்டது. அவ்வளவையும் மாற்றவேண்டியதாயிற்று.

எம் பதிவுக்கு மீள்வோம். நிகழ்ந்ததை மறையாமல் எழுதி, பிழை எம் பொதியினதே, டெபியனுடையதன்று என்று கூறி, பதிவை மூடினோம். பொறுப்பாளர் ஒரு சொல்லும் இகழவில்லை. பெரிய எண்ணுள்ள பொதியை நீக்கிச் சிறிய எண்ணுள்ளதை நிறுவும் கட்டளையை மட்டும் எழுதியனுப்பினார். நிறுவினோம். மறுபடி அச்சிட்டுப் பார்த்தபோது எழுத்து முழுவதும் விழுந்தது.

அவர் இட்ட தரம் சரியே என்று இன்று ஒப்புகின்றோம். ஆயினும் உள்ளத்தின் ஓரத்தில் ஒரு மனக்குறை இருந்துகொண்டே வருகின்றது. அவ்வேழு தரங்களுள் எதிலும், சட்டியோடு வாயிலில் நின்ற அப்பெண்மணிக்கு இடமில்லை. இடமிருக்கவும் இயலாது, பொதி கட்டுவோர் அது எவ்வறை வாயிலில் சென்று தொங்கும் என்று அறியார். அறிந்தவர் யாம். அறிந்த எம்மிடம் பதிவேடு கேட்டது தரத்தையும் எண்ணையும். இரண்டையும் தவறாகவே கொடுத்தோம். தவறான தரத்தை அவர் திருத்திக்கொண்டார். தவறான எண்ணை அவராலும் திருத்த இயலவில்லை, கேட்கத்தான் முடிந்தது.

2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் அன்பர்கள் கூடிய தமிழ்நாட்டுக் கூட்டமும், அவ்வாண்டு செப்டம்பரில் கொச்சியில் உலகத்தார் கூடிய பெருங்கூட்டமும் நடந்தன. நம் மாணவருள் இத்துறையில் விருப்பமுடையோர் அன்னோரை நாடுக. பிழை எழுதப் புகுமுன் தம் கருவியின் எண்ணைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொள்க. இவ்வளவே யாம் வேண்டுவது.

சித்தப்பா எம்மைக் கொண்டு அச்சிடுவதை நிறுத்திவிடுவார் என்று அஞ்சினோம். நிறுத்தவில்லை. அடுத்த திங்களே வேறு தாள்கள் வேண்டி வந்தார். இம்முறை அவருடைய சொற்களையே அடித்தோம். அச்சுப்பொறியினருகே முக்காலியிட்டு அமர்ந்து, தாள் வெளிவர வெளிவர வாங்கி, வலப்புற ஓரத்தில் விரலை வைத்து, கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வோரெழுத்தாக, "து, டா, கூ" என்று உரக்கப் படித்தார். பன்னிரண்டு தாளையும் அங்ஙனமே படித்து முடித்து, பின்னர் எம் கையிற் கொடுத்து, "இப்ப நீ படி" என்றார்.